யாருடைய பழைய காலம்?

(தட்டாஞ்சாவடியில் பறையிசைக் குழுத் தோழர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கேள்வி சின்னதுதான். நம் குழுவுக்கு ஒரு பாரில் இருந்து அழைப்பு வந்திருக்கிறது. சனிக்கிழமை இரவு லைவ் மியூசிக். உள்ளே மேடையில் கிட்டார், சாக்ஸபோனோடு ஒரு பேண்ட். நம் தோழர்கள் வாசலில் நின்று, விருந்தினர் வரும்போது இருபது நிமிடம் பறையடிக்க வேண்டும். சாப்பாடு உண்டு, வழிச்செலவு உண்டு. போகலாமா, வேண்டாமா? குழுவில் பாதிப் பேர் போகலாம் என்கிறார்கள், பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டீர்கள்.

பதில் சொல்வதற்கு முன்னால் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. பழைய வால்வு ரேடியோ, குழாய் வைத்த கிராமபோன், எனாமல் பூசிய தகர விளம்பரப் பலகைகள், பித்தளை டபரா செட், மங்கலான மஞ்சள் விளக்கு. இதற்கு விண்டேஜ் ஸ்டைல் என்று பெயர். பகலில் ஸ்பெஷாலிட்டி காபி, இரவில் பாட்டும் குடியும். நல்ல காபி. நல்ல இசையை நான்கு பேரோடு உட்கார்ந்து கேட்பதும் நல்ல விஷயம். அழகான நாற்காலியில் உட்கார்ந்து நல்ல காபி குடிப்பது நமக்குப் பொருந்தாத ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், அதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது என் தாத்தா நினைவு வந்தது. அவருக்குக் கிராமத்து டீக்கடையில் கொட்டாங்கச்சியில்தான் டீ. பிறகு கண்ணாடிக் கிளாஸ் வந்தது, அதுவும் தனிக் கிளாஸ். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். கடை பெஞ்சில் உட்கார்ந்து குடித்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இந்தப் பாரின் சுவரில் மாட்டியிருக்கும் 'அந்தக் காலம்' என் தாத்தாவின் காலமும்தான். ஆனால் அதில் அவர் உட்கார ஒரு நாற்காலி இருந்ததில்லை.

நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். விண்டேஜ் என்பது பழைய காலத்தை அலங்காரமாக விற்பது. விற்கட்டும். யாருடைய பழைய காலம் என்று மட்டும் நாம் கேட்க வேண்டும்.

காபியில் இருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் காபி பரவியதும் காபி கிளப்புகள் வந்ததும் நூறு வருடத்துச் சொச்சக் கதை. பாலும் சர்க்கரையும் கலந்த ஒரு பானத்துக்குள் சாதி எப்படி வரும் என்று கேட்கலாம். வந்தது. ஓட்டல் பெயர்ப் பலகைகளில் 'பிராமணாள்' என்று எழுதினார்கள். உள்ளே யாருக்கு எந்த இடம் என்று பிரித்தார்கள். தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941 வரை நடந்தது. பெரியாரும் அவர் தோழர்களும் தொடர்ந்து எதிர்த்த பிறகுதான் அது போனது. விடுதலைக்குப் பிறகும் பலகைகள் இருந்தன. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு கபேயின் முன்னால் திராவிடர் கழகத் தோழர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். ஒரு பலகையில் இருந்து ஒரு சொல்லை எடுக்க நூற்றுக்கணக்கான பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2012இல், ஸ்ரீரங்கத்தில் ஒரு கபேயின் பலகையில் அதே சொல் திரும்பி வந்தது. மறுபடியும் போராட வேண்டியிருந்தது.

இந்தப் போராட்டத்திலும் ஒரு குறை உண்டு, அதையும் பேச வேண்டும். பிராமணாள் என்ற சொல் போன ஊர்களிலும் இரட்டைக் குவளை போகவில்லை. அதை வைத்திருந்தவர்கள் பிராமணர்கள் அல்ல. இடைநிலைச் சாதிகளின் டீக்கடைகள்தாம். இப்போது சில இடங்களில் தனிக் கிளாஸுக்குப் பதில் பேப்பர் கப் வந்திருக்கிறது. தூக்கிப் போடும் கப் என்பதால் சண்டையும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆகவே பித்தளை டபராவை அழகு என்று ரசிக்கும்போது, அந்த டபராவைத் தொட முடியாதவர் யார் என்பதும் அதன் வரலாறுதான்.

அடுத்து, காபிக்கொட்டை. ஸ்பெஷாலிட்டி காபி என்றால் ருசி பார்க்கும் நிபுணர்கள் நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, எண்பதும் அதற்கு மேலும் வாங்கிய காபி. பாக்கெட்டில் எல்லா விவரமும் இருக்கும். எஸ்டேட் பெயர், எத்தனை அடி உயரம், என்ன ரகம், பழத்தோடு காயவைத்ததா, கழுவிக் காயவைத்ததா, எந்தத் தேதியில் வறுத்தது. அந்தப் பழத்தைக் கையால் பறித்த பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இருக்காது. அவருக்குக் கிலோவுக்கு என்ன கூலி என்பதும் இருக்காது.

அந்த ரகங்களில் 'பூர்போன்' என்று ஒன்று உண்டு. உலகம் முழுவதும் மதிப்புள்ள அராபிகா ரகம். பூர்போன் என்பது இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஒரு தீவின் பழைய பெயர். இன்றைக்கு அதன் பெயர் ரெயூனியன். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கம்பெனி ஏமனில் இருந்து காபிச் செடியைக் கொண்டுபோய் அங்கே நட்டது. நட்டு வளர்த்தவர்கள் அடிமைகள். மடகாஸ்கரில் இருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்தும் கொண்டுபோனார்கள். நம் கரையில் இருந்தும், இதே புதுச்சேரி வழியாகவும் கொண்டுபோனார்கள். ஆட்களைப் பிடித்து விற்ற கூட்டத்தைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே 1740களில் பேசுகிறது. பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை 1848இல் ஒழிந்த பிறகு, புதுச்சேரியில் இருந்தும் காரைக்காலில் இருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். ரெயூனியனுக்கு, 1853 முதல் மார்த்தினிக்குக்கு, 1854 முதல் குவாதலூப்புக்கு. ஊரில் நிலமும் இல்லாமல் மானமும் இல்லாமல் வைக்கப்பட்டவர்கள் அந்தக் கப்பல்களில் ஏராளம்.

'பிரெஞ்சு பாரம்பரியம்' என்று நம் ஊரில் விற்கப்படும் பழமையில் இவர்கள் எங்கே இருக்கிறார்கள்? வெள்ளையர் நகரத்தின் மஞ்சள் சுவரைப் படம் எடுக்கிறோம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்ததைக் கறுப்பர் நகரம் என்று அழைத்தார்கள், அந்தப் பக்கம் யாரும் கேமராவைத் திருப்புவதில்லை. சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறித்தவர்களையும் பறையர் கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745இல் நம் மக்கள் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. இதையும் அதே நாட்குறிப்புதான் சொல்கிறது. இந்த ஊரின் பழமைகளில் எனக்குப் பெருமையானது அந்த இடிந்த சுவர்தான். எந்த பாரும் அதன் படத்தை மாட்டியதாகத் தெரியவில்லை.

இனி இசைக்கு வருகிறேன். விண்டேஜ் பார் என்று உலகம் முழுவதும் இன்று காப்பியடிக்கும் தோற்றம் பெரும்பாலும் 1920களின் அமெரிக்காவில் இருந்து வந்தது. அந்தக் காலத்தின் மிகப் புகழ்பெற்ற இடம் நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் இருந்த காட்டன் கிளப். 1927 முதல் டியூக் எலிங்டனின் இசைக்குழு அங்கே வாசித்தது. மேடையில் கறுப்பர்கள், பரிமாறியவர்களும் கறுப்பர்கள். உட்கார்ந்து கேட்டவர்கள் வெள்ளையர்கள். மேடையையே அடிமைக் காலத்துத் தோட்ட முதலாளியின் மாளிகை மாதிரி ஜோடித்திருந்தார்கள். தன் தெருவில் இருக்கும் கிளப்பில், தன் இனத்தான் வாசிக்கும் இசையை, ஒரு கறுப்பர் டிக்கெட் வாங்கிக் கேட்க முடியாது.

அதே நியூயார்க்கில் 1938 கடைசியில் கபே சொசைட்டி என்று இன்னொரு கிளப் திறந்தார்கள். அங்கே மேடையிலும் மேசையிலும் கறுப்பரும் வெள்ளையரும் கலந்துதான் இருக்க வேண்டும் என்று உரிமையாளர் முடிவு செய்தார். மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பின மக்களைப் பற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடலை 1939இல் பில்லி ஹாலிடே பாடியது அங்கேதான். அந்தப் பாட்டு வரும்போது பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். விளக்குகளை அணைத்துவிட்டுப் பாடகியின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். கையில் கோப்பை வைத்திருந்தவரும் கேட்டே ஆக வேண்டும்.

இரண்டுமே மது விற்ற இடங்கள்தாம், இரண்டிலும் பாடியவர்கள் பெரிய கலைஞர்கள்தாம். யார் உட்காரலாம், எதைப் பாடலாம், பாடும்போது மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் அவை வேறுபட்டன. நம்முடைய கேள்வியும் அதுதான்.

பறைக்கும் இந்த வாசல் பழக்கமானது. ஊர்த் திருவிழாவில் கோயிலுக்கு வெளியே, சாவு வீட்டில் தெருவில் நின்று அடித்த வாத்தியம் அது. அடித்த கைக்குக் கூலியாக நெல், சாராயம். அதனால்தான் 1980களிலும் 90களிலும் பல ஊர்களில் நம் இளைஞர்கள் இனிச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், ஊர்விலக்கைச் சந்தித்தார்கள். இன்னொரு பக்கம், அதே பறையை விடுதலைக் கருவியாக மேடையில் ஏற்றியவர்களும் வந்தார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். நம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைப் பேராசிரியராக இருந்த கே.ஏ.குணசேகரன், இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடலைத் தமிழ்நாடெங்கும் மேடை மேடையாகப் பாடினார். 2016 ஜனவரியில் இறக்கும்வரை அவர் நம் ஊர்க்காரர். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடை ஏறியபோது, கானாவும் பறையும் கிட்டாரும் ராப்பும் ஒரே மேடையில் ஒரே உயரத்தில் நின்றன. மறுத்ததும் நம் வரலாறு, மேடை ஏறியதும் நம் வரலாறு. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: வாசலில் நிற்க மாட்டோம்.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாருக்குப் போவதே தவறு என்று சில தோழர்கள் சொன்னார்கள். சாராயம் நம் குடும்பங்களை என்ன செய்திருக்கிறது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு என்னைவிடத் தெரியும். அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். தொழிற்பேட்டையில் வேலை முடிந்து சாராயக் கடையில் நிற்பவர் குடிகாரர். விண்டேஜ் பாரில் உட்கார்ந்திருப்பவர் ரசிகர். இந்தப் பாகுபாட்டை நாம் ஏற்க வேண்டியதில்லை. வாசிக்கப் போகிறவர் யாரும் கூலியில் பாதியைக் குடியாக வாங்கக் கூடாது என்பதைக் குழு விதியாகவே வைத்துக்கொள்வோம்.

இப்போது பதில். என்னைக் கேட்டால், போகலாம். ஆனால் நாம் சொல்லும் முறையில் போக வேண்டும். முதலாவது, வாசலில் அல்ல, உள்ளே, மற்ற பேண்ட் வாசிக்கும் அதே மேடையில், அதே மைக்கோடு. இரண்டாவது, அவர்களுக்கு எவ்வளவு பணமோ அதே கணக்கில் நமக்கும் பணம், வாசிப்பதற்கு முன்பே எழுத்தில். மூன்றாவது, விளம்பரத்தில் 'நாட்டுப்புறக் கலைஞர்கள்' என்று பொதுவாகப் போடக் கூடாது, குழுவின் பெயர் வர வேண்டும். நான்காவது, என்ன பாட்டு என்பதை நாம் முடிவு செய்வோம். சாதியைப் பற்றிப் பாடினால் வியாபாரம் கெடும் என்றால், அந்த வியாபாரத்துக்கு நம் பறை தேவையில்லை. ஐந்தாவது, அங்கே கோப்பை கழுவுகிறவர்களோடு ஒருமுறை பேசுங்கள். சம்பளம் ஒழுங்காக வருகிறதா, இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் வீட்டுக்கு எப்படிப் போகிறார்கள் என்று கேளுங்கள். பழைய காலத்தில் யார் கழுவினார்கள் என்று கேட்கிற நாம், இன்று யார் கழுவுகிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது.

அந்த மேலாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வாசலில் பறை என்றால் அழகாக இருக்கும் என்று நினைத்திருப்பார். அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் போய்ச் சொல்வோம். சண்டையாக வேண்டாம், நிபந்தனையாகச் சொல்வோம்.

அவர்கள் ஒத்துக்கொண்டால், சனிக்கிழமை நானும் வருகிறேன். காசு கொடுத்து ஒரு காபி வாங்கி, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால், அதே சனிக்கிழமை, அதே நேரம், இந்தத் தெருவில் மேடை போடுவோம். காபி நான் வாங்கித் தருகிறேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர்.