இருக்கை யாருக்கு? மாவட்டக் கண்காணிப்புக் குழுவும் சமயத் தலைவர்களும்

(சுவாமி சகஜானந்தா நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுவாமி சகஜானந்தாவின் பெயரால் கூடியிருக்கிறோம். 1890இல் பிறந்து 1959இல் மறைந்தவர். சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கியவர். காவி உடுத்தியவர். அந்தக் காவியோடே சென்னைச் சட்டமன்றத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்து நம் மக்களுக்காகப் பேசியவர். சமயத் தலைவர் ஒருவர் உரிமைக்கான மன்றத்தில் உட்காரலாமா என்று கேட்டால், அவர் வாழ்க்கையே ஒரு பதில். அவர் பெயரிலான இந்த மேடையில் அதே கேள்வியை மறுபடியும் எடுக்கிறோம். எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் கண்காணிப்புக் குழுவைத் திருத்தி அமைக்கும் பேச்சு வந்தது. அலுவல் சாராத உறுப்பினர் இடங்களில் மூன்றுக்கு மூன்று பெயர்கள் அடிபட்டன. ஒரு மடத்தின் சுவாமிகள், ஒரு பங்குத்தந்தை, ஒரு ஜமாத் தலைவர். மதத்துக்கு ஒருவர். எங்களிடமும் கருத்துக் கேட்டார்கள். “நல்லவர்கள்தானே, ஊரில் நாலு பேர் மதிக்கிறவர்கள், நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் முடியும்” என்றார்கள். நாங்கள் உடனே போடவில்லை. ஏன் போடவில்லை, கடைசியில் என்ன எழுதிக் கொடுத்தோம் என்பதைத்தான் உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் அந்தக் குழு என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் பல நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் தனியே மனித உரிமை ஆணையம் உண்டு. நம் 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் ஆணையம் மாநிலத்தோடு நின்றுவிடுகிறது. மாவட்டத்துக்கு மனித உரிமை நீதிமன்றம் உண்டு, ஆணையம் கிடையாது. மாநில ஆணையத்திலும் தலைவரும் ஓர் உறுப்பினரும் நீதித்துறையிலிருந்து வர வேண்டும். மனித உரிமைத் துறையில் அறிவோ அனுபவமோ உள்ளவருக்கு மிஞ்சுவது ஒரே இடம். ஆகவே, ஒரு சாதாரண தலித் பெண்ணின் புகாரைப் பற்றி உள்ளூர்க்காரர் ஒருவர் மாவட்ட ஆட்சியர் முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்கச் சட்டம் தந்த இடம் என்றால், அது 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதிப்படி அமையும் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுதான்.

அதில் ஆட்சியர் தலைவர். மக்கள் பிரதிநிதிகளும் காவல் கண்காணிப்பாளரும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த அலுவல் சாராத உறுப்பினர்கள் ஐந்து பேர் வரை. தொண்டு நிறுவனங்களோடு தொடர்புடைய பிற சமூகத்தவர் மூன்று பேர் வரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். வழக்கு பதிவானதா, நிவாரணம் போய்ச் சேர்ந்ததா, அறுபது நாளில் குற்றப்பத்திரிகை வந்ததா, எந்த அதிகாரி எங்கே தவறினார் என்று பார்ப்பதுதான் அதன் வேலை.

அதாவது, அது அமைதிக் குழு அல்ல. இதுதான் எங்கள் முதல் வாதம். மதத்துக்கு ஒருவரை உட்கார வைக்கும் யோசனை எங்கிருந்து வருகிறது? மதக் கலவரம் நடந்த ஊரில் நல்லிணக்கக் குழு போட்ட பழக்கத்திலிருந்து வருகிறது. அந்தப் பழக்கத்தை நாங்கள் இழிவாகப் பேசவில்லை. 1982இல் மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு குன்றக்குடி அடிகளார் அங்கே போய் அமைதிக்காகப் பாடுபட்டதைத் தமிழ்நாடு மறக்காது. ஆனால் அங்கே இரு தரப்பு மக்கள் மோதிக்கொண்டார்கள். சேரிக்குள் புகுந்து அடிப்பதும், பிணத்தைத் தெரு வழியே கொண்டுபோக விடாமல் மறிப்பதும் இரு தரப்பு மோதல் அல்ல. ஒருவன் குற்றம் செய்கிறான், இன்னொருவன் அதைத் தாங்குகிறான். இதை மோதல் என்று பெயர் மாற்றிவிட்டால் அடுத்த படி சமரசம்தான். தாசில்தார் அலுவலகத்தில் நாற்காலி போட்டு, “நீங்களும் வழக்கை வாபஸ் வாங்குங்க, அவங்களும் எதிர் வழக்கை வாபஸ் வாங்கட்டும்” என்று முடிக்கும் காட்சியை இங்கே பார்க்காதவர் யார்? அந்த எதிர் வழக்கு இதற்காகவே போடப்பட்டது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட அறையில் ஒரு பெரியவர் திருநீறோடோ சிலுவையோடோ உட்கார்ந்தால், சமரசத்துக்கு ஒரு புனிதம் சேர்ந்துவிடுகிறது.

இதை எங்களுக்குப் புரிய வைத்தது புத்தகம் அல்ல. எங்கள் கலந்தாய்வுக்கு வந்திருந்த ஓர் அம்மா. சுடுகாட்டுப் பாதைத் தகராறில் மகன் அடிபட்டு, நிவாரணத்தின் இரண்டாம் தவணைக்காக அலைந்துகொண்டிருந்தவர். “சாமி வந்தா நான் எந்திரிச்சு நிக்கணும். கும்பிட்டுக்கிட்டு நிக்கையில எப்படிய்யா கேள்வி கேக்குறது?” என்றார். சமூகவியலில் அதிகாரம் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவர்கள் எங்களில் உண்டு. அந்த அம்மா கேட்டது அதைவிடத் தெளிவாக இருந்தது. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கும்பிட வேண்டிய ஒருவரை வைப்பதா?

ஆனால் அதே கூட்டத்தில் ஒரு மாணவர் எழுந்தார். “அந்தப் பையன் அடிபட்ட ராத்திரி ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். போட மாட்டேன்னாங்க. அப்ப நாம யாருக்கு போன் போட்டோம்? அந்த ஃபாதருக்குத்தானே? அவர் வந்து விடியுற வரைக்கும் பெஞ்சுல உட்கார்ந்தாரு. ராத்திரிக்கு வேணும், குழுவுக்கு வேண்டாமா?” என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்தப் பங்குத்தந்தையின் பெயர்தான் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது.

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. வரலாறும் அந்த மாணவர் பக்கம் சாட்சி சொல்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்கீர் நம் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அந்தப் பகுதியில் நிலமற்றவர்களுக்காக அரசை விடாமல் நெருக்கியவர்களில் ஆடம் ஆண்ட்ரு, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் இருந்தார்கள். ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதரும் ஒரு சமயத் தலைவர்தானே? 1956இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவிய பாபாசாகேப் சமயத்தை உரிமையிலிருந்து பிரித்தா பார்த்தார்?

வெளியேயும் இரண்டு பேரைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1957இல் குடியுரிமைகளுக்கான ஆணையம் அமைந்தபோது, அதன் ஆறு உறுப்பினர்களில் ஒருவர் நோட்ர டேம் பல்கலைக்கழகத் தலைவரான கத்தோலிக்கக் குரு தியடோர் ஹெஸ்பர்க். அந்த ஆணையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை எப்படி மறுக்கப்படுகிறது என்பதை அது ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தது. ஹெஸ்பர்க் 1969இல் அதன் தலைவரானார். நிக்சன் அரசையே குறைசொன்னார். 1972இல் பதவியை விட்டுப் போகச் சொன்னார்கள், போனார். அரசு அவரை நியமித்தது. ஆனாலும் அவர் அரசின் அலங்காரமாக இருக்கவில்லை.

இன்னொருவர் டெஸ்மண்ட் டுட்டு. தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கு மண்டேலா அவரைத் தலைவராக்கினார். 1996இல் அமர்வுகள் தொடங்கின. பேராயரின் அங்கியோடு உட்கார்ந்து, செபத்தோடு அமர்வைத் தொடங்கினார். மக்கள் அழுதபோது அவரும் அழுதார். யாரும் கேட்காத கதைகளை ஒரு நாடே கேட்டது. அது பெரிய காரியம். ஆனால் மறுபக்கமும் உண்டு. காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பைக்கோவின் குடும்பம், குற்றவாளிகளுக்குப் பொதுமன்னிப்புத் தரும் பிரிவை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது, தோற்றது. மன்னிப்புப் பெற மனம் வருந்த வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. உண்மையை முழுதாகச் சொன்னால் போதும். பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடோ பல ஆண்டு காத்திருந்து, 2003இல் ஆளுக்கு 30,000 ரேண்ட் என்று முடிந்தது. ஆணையம் பரிந்துரைத்தது அதைவிட அதிகம். மன்னிப்பு முதலில் வந்தது, இழப்பீடு கடைசியில் வந்தது. இது டுட்டு என்ற மனிதரின் குற்றம் அல்ல. அந்தச் சமரசம் அரசியல் தலைவர்கள் செய்துகொண்டது. ஆனால் மன்னிப்பின் மொழி மேடையில் ஓங்கி ஒலிக்கும்போது, இழப்பீடு கேட்பவரின் குரல் பேராசைபோல் கேட்கத் தொடங்கிவிடுகிறது. இது நமக்குப் பாடம்.

ஆக, “சமயத் தலைவர் வேண்டுமா வேண்டாமா” என்பது தப்பான கேள்வி என்ற முடிவுக்கு வந்தோம். எந்த வேலைக்காக, எந்தத் தகுதியில், யாருடைய இடத்தில் என்று கேட்டோம். நான்கு நிபந்தனைகளாக எழுதிக் கொடுத்தோம்.

ஒன்று, பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்களுக்கான ஐந்து இடங்களையும் முதலில் நிரப்புங்கள். அதில் பெண்கள் இருக்கட்டும், வழக்கு நடத்திப் பழகியவர்கள் இருக்கட்டும். அதற்குப் பிறகு மற்ற மூன்றைப் பேசலாம்.

இரண்டு, ஒருவர் வருவது அவர் வகிக்கும் பீடத்துக்காக இருக்கக் கூடாது, செய்த வேலைக்காக இருக்க வேண்டும். எத்தனை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரோடு நின்றார், எத்தனை முறை நீதிமன்றம் வந்தார் என்று கேளுங்கள்.

மூன்று, குழுவில் இருக்கும்வரை எந்த வன்கொடுமை வழக்கிலும் சமரசம் பேசுவதில்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் மிரட்டலிலிருந்து பாதுகாப்பை உரிமையாகவே தந்திருக்கிறது. பெரியவர் வீட்டுக்கு வந்து அன்பாகச் சொல்வதும் எங்கள் தெருவில் மிரட்டலாகலாம்.

நான்கு, அவருடைய சொந்த வாசலைப் பார்க்க வேண்டும். மடத்தின் பந்தியில் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறார்களா? தேர் எங்கள் தெருவுக்கு வருகிறதா? கல்லறை ஒன்றா இரண்டா?

மடத்திலிருந்து பதில் வரவில்லை. ஜமாத் தலைவர் மூன்று நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டார். வழக்குகளில் தனக்குப் பழக்கம் இல்லை என்று தானே சொல்லி, ஒரு வழக்கறிஞரின் பெயரைத் தந்தார். பங்குத்தந்தையிடம் நாங்கள் நேரில் போனோம். கல்லறையைப் பற்றிக் கேட்டோம். அவர் மறைக்கவில்லை. “இரண்டுதான். வந்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன், முடியவில்லை” என்றார்.

அவரிடம் இன்னொன்றும் பேசினோம். அவரே நம் தெருவில் பிறந்தவர். ஆனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவத் தலித் பட்டியல் சாதி ஆக மாட்டார். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் திறக்கவில்லை. ஆகவே அந்தக் குழுவில் அவர் உட்கார்ந்தால், ஐந்து பேரில் ஒருவராக முடியாது. “பிற சமூகத்தவர்” என்ற மூன்று பேரில் ஒருவராகத்தான் உட்கார வேண்டும். அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “ஊரில் நான் பறையன், கோப்பில் நான் வேறு ஆள்” என்றார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

இருந்தும் அவர் பெயரை நாங்கள் எழுதவில்லை. இரண்டு கல்லறை உள்ள ஒரு பங்கின் தலைவர், சுடுகாட்டுப் பாதை வழக்கைக் கண்காணிக்கும் இடத்தில் உட்கார்ந்தால், எதிர்த்தரப்பு முதல் கூட்டத்திலேயே அதைத்தான் கேட்கும். அவர் இடத்தில், மகளிர் குழுவில் நெடுநாள் வேலை செய்த பிற சமூகப் பெண் ஒருவரின் பெயரைத் தந்தோம். பங்குத்தந்தை வருத்தப்பட்டார். பிறகு, “சரி, அந்தச் சுவரைக் கேட்க நீங்களும் என்னோடு ஆயரிடம் வாருங்கள்” என்றார். போகிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். ராத்திரியில் கூப்பிட்டால் அவர் இன்னமும் வருகிறார். நாங்கள் செய்தது சரிதானா என்று எங்களுக்குள் இன்றும் விவாதம் ஓயவில்லை. அந்த மாணவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார். கேள்வி நேரத்தில் அவர் கேட்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். உங்கள் மாவட்டக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடியது, என்ன தீர்மானம் போட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான். கூட்டமே நடக்காத குழுவில் யார் உட்கார்ந்தால் என்ன? நடக்க வைப்பதுதான் முதல் வேலை. நடந்த பிறகு, அந்த அம்மா எழுந்து நின்று கும்பிடாமல், உட்கார்ந்தபடியே கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் காவி உடுத்தியிருக்கலாம், வெள்ளை அங்கி அணிந்திருக்கலாம், தொப்பி போட்டிருக்கலாம். சகஜானந்தரும் காவிதான். அவர் சட்டமன்றத்தில் கேட்டது ஆசி அல்ல. பள்ளிக்கூடம் கேட்டார், நிலம் கேட்டார்.

ஜெய் பீம்.