இடம் பெயரும் ஏடுகள்



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் தேடிய செல்வம் என்று ஒன்று உண்டானால், அது அவன் தொகுத்து வைத்த சொற்களே ஆகும். ஒரு சட்டச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லைத் தேடி ஒரு பகல் முழுவதையும் செலவிட்டவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் இத்தகைய சொற்பட்டியல்கள் யாவும் சர்வர் எனப்படும் பொதுக் கணிப்பொறியில் இருந்தன. வட்டு நிரம்பிவிட்டபடியால் புதிய வட்டொன்றைப் பொருத்தினார்கள். கோப்புகளைப் பழைய இடத்திலிருந்து வெட்டிப் புதிய இடத்தில் ஒட்டும் முறையைக் கையாண்டார்கள். நடுவில் மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தபோது, ஆறு திங்கள் உழைத்து நாங்கள் உருவாக்கிய பட்டியலின் பெயர் புதிய வட்டில் இருந்தது. உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. பழைய வட்டிலோ பெயர்கூட இல்லை.

இது எவ்வாறு நேர்ந்தது? எழுதி முடிந்ததாகக் கணிப்பொறி அறிவித்த பின்னரும், எழுத்துகள் சிறிது நேரம் அதன் நினைவகத்திலேயே தங்கியிருப்பது உண்டு. அவை வட்டை அடையும் முன்னரே பழைய பிரதி அழிக்கப்பட்டுவிட்டது. கலைப் பட்டதாரியாகிய நான் இத்துறையில் நாட்டம் கொண்டது அன்றுமுதல்தான்.

வட்டில் வகுக்கப்படும் சேமிப்புப் பகுதியை வால்யூம் என்பர். ஒரு வால்யூமிலிருந்து மற்றொன்றுக்குத் தரவுகளை மாற்றப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் இரண்டினைக் கூறுவேன்.

முதலாவது, படி எடுக்கும் வழி. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் ஆகிய இருவர் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் மென்பொருள் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அலுவலர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே முதற்படியை எடுத்துவிடலாம். இரண்டாம் முறை, இடையில் மாறிய கோப்புகள் மட்டுமே செல்லும். இறுதியாக, அனைவரையும் சிறிது நேரம் வேலையை நிறுத்தச் சொல்லி, எஞ்சியவற்றை அனுப்பிவிட்டுப் புதிய வால்யூமைப் பழையதன் இடத்தில் அமர்த்தலாம். பெரிய மாற்றத்திற்கும் சிறிய ஓய்வே போதுமானது.

இரண்டாவது, அடித்தளத்திலேயே பெயர்க்கும் வழி. லினக்ஸ் இயங்குதளத்தில், பழைய வட்டையும் புதிய வட்டையும் ஒரே தொகுதியில் சேர்த்துவிட்டு, பிவிமூவ் என்னும் கட்டளையை இடுவார்கள். தரவுகள் துண்டு துண்டாகப் புதிய வட்டுக்குச் சென்று சேரும். மேலே வேலை செய்வோர் இதனை உணர்வதும் இல்லை. இடையில் தடைப்பட்டாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இது படி எடுப்பதன்று, இடம் மாற்றுவதே. முடிந்தபின் திரும்பிப் பார்க்கப் பழைய பிரதி இராது. ஆகவே, தொடங்கும் முன்னரே வேறோர் இடத்தில் காப்புப் பிரதி வைத்துக்கொள்வது இன்றியமையாதது.

இவ்விரண்டினும் மேலானது ஒன்று உண்டு. அலுவலகங்களில் தட்டச்சு செய்த பிரதியை உடனே அனுப்பிவிடுவதில்லை. ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் பிரதியைப் பார்த்துக்கொண்டே வருவார். இதனை ஒப்புநோக்கல் என்கிறோம். கணிப்பொறிக்கும் இதுவே விதி. ஆர்சிங்க் வழக்கமாகக் கோப்பின் அளவையும் அது கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் மட்டுமே பார்த்து, இரண்டும் ஒத்திருந்தால் அதனைத் தாண்டிச் சென்றுவிடும். ஆனால் அட்டை ஒத்திருப்பதால் உள்ளடக்கமும் ஒத்ததாகிவிடுமோ? செக்சம் என்னும் முறையைக் கேட்டு வாங்கினால், அது ஒவ்வொரு கோப்பையும் முழுவதும் படித்து, அதன் உள்ளடக்கத்திலிருந்து ஓர் எண்ணைக் கணிக்கும். ஈரிடத்து எண்களும் ஒத்தாலன்றி வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது. இதற்கு நேரம் மிகுதியாக ஆகும், ஆகட்டுமே! ஆறு திங்கள் உழைப்பைவிட ஓர் இரவு பெரிதன்று.

யார் எதனைப் படிக்கலாம், யார் திருத்தலாம் என்னும் உரிமைக் குறிப்புகளும் கோப்புகளோடு வந்து சேர்ந்தனவா என்று பார்ப்பதும் இவ்வொப்புநோக்கலில் அடங்கும்.

அன்று இழந்த பட்டியலை நாங்கள் மீண்டும் உருவாக்கினோம். பல சொற்கள் நினைவுக்கு வந்தன, சில வரவில்லை. அந்தச் சிலவே இன்றும் என் மனத்தை உறுத்துகின்றன. உங்கள் அலுவலகத்திலோ இல்லத்திலோ ஏடுகளை இடம் மாற்றும் நாள் வருமாயின், முதலில் படி எடுங்கள், அடுத்து ஒப்புநோக்குங்கள், சில நாள் புதியதில் பழகிப் பாருங்கள். அழிப்பது எப்போதும் கடைசி வேலையாகவே இருக்கட்டும்.