ஒளிக்கும் அளவு உண்டு

இன்று உயிர்மருத்துவப் பொறியியலில் பட்டம் பெறும் மக்களே!

நம் நெய்யூருக்கு 1922இல் ஒருவர் வந்தார். எவரெஸ்ட் பயணம் முடித்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஹோவர்டு சாமர்வெல். மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டவர், லண்டன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறத்தாழ 28,000 அடி ஏறினார். அப்பேர்ப்பட்டவருக்கும், படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு ஆக்சிஜன் குறைகிறதா என்று அறிய உதட்டு நிறமும் நக நிறமும்தான் துணை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் உங்களைப் போல ஒரு பொறியாளர். ஜப்பானின் டகுவோ அவோயாகி 1974இல் பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையை வகுத்தார். விரலுக்குள் சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளைச் செலுத்தி, நாடியோடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு கிடைக்கும். கொரோனா நாளில் அந்தச் சின்னக் கருவியை நம்பி எத்தனை குடும்பங்கள் இரவைக் கழித்தன!

ஆனால் 2020 டிசம்பரில் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். தோலின் மெலனினும் ஒளியை உறிஞ்சுகிறது. வெளிர்நிறத் தோலை வைத்தே பெரும்பாலும் சரிபார்க்கப்பட்ட கருவிகள் அதைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. வெயிலில் கறுத்த நம் குளச்சல் மீனவருக்கும் பேச்சிப்பாறை ரப்பர் பால்வடிப்புத் தொழிலாளிக்கும் இது எங்கோ நடந்த சங்கதி அல்ல. எண்ணை மட்டும் நம்பினால், மூச்சுத் திணறுகிறவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

அளக்கும் ஒளி இப்படி. குணப்படுத்தும் ஒளி?

பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் கண்டால் நம் பாட்டிமார் இளவெயிலில் காட்டுவார்கள். 1956இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் செவிலியர் ஜீன் வார்டு, வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் வெளுத்து, துணி மூடிய இடத்தில் மட்டும் நிற்பதைக் கவனித்துச் சொன்னார். இன்றைய ஒளிச்சிகிச்சை அங்கே தொடங்கியது. 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி, மஞ்சளுக்குக் காரணமான பிலிருபினை, கல்லீரல் மாற்றித் தர வேண்டிய தேவையில்லாமலே வெளியேறும் பொருளாக மாற்றுகிறது.

இங்கேதான் கண் நம்மை ஏமாற்றும். ஒளிச்சிகிச்சை விளக்கின் பழைய டியூப் பளிச்சென்றுதான் எரியும். ஆனால் பிள்ளைக்கு வேண்டிய நீல ஒளி அதில் தேய்ந்திருக்கும். விளக்கு ஒரு சாண் விலகினாலும் அளவு இறங்கும். தீவிர சிகிச்சைக்குச் சதுர சென்டிமீட்டருக்கு, நானோமீட்டருக்கு 30 மைக்ரோவாட்டாவது பட வேண்டும் என்பது கணக்கு. மீட்டர் வைத்தால்தான் அது தெரியும். போதாக்குறைக்கு, ஒளி பட்ட தோல் வெளுத்துவிடும். ரத்தத்தில் மஞ்சள் இறங்காமலே இருக்கலாம். அது மூளையில் ஏறினால் காது போகும், கைகால் இயக்கம் கெடும். சில பிள்ளைகள் பிழைப்பதில்லை. மருந்தை மில்லி கணக்கில் அளந்து கொடுக்கிறோம். ஒளியையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும்.

மக்களே, ஆசாரிப்பள்ளமோ பூதப்பாண்டியோ துபாயோ, எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஒளி அளக்கும் மீட்டர் எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கவைக்க வாதாடுங்கள். அளந்த தேதியையும் எண்ணையும் கருவியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஆக்சிமீட்டர் வாங்கும் கோப்பு உங்களிடம் வந்தால், எந்த நிறத் தோலில் சோதித்தீர்கள் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.