பழிபட்ட பொருளும் பள்ளிக்கூடமும்

 

வெள்ளிவிழா மேடையில் வாழ்த்து மட்டும் கூறி அமர்ந்துவிடலாம். ஆயினும், இருபத்தைந்து ஆண்டுகள் வளர்ந்து நிற்கும் சங்கத்தின் வாயிலுக்கு இனிப் பெருங்கொடையாளரும் வருவர். அவர்களுள் பழிக்கு ஆளானவர் ஒருவர் இருப்பின், அவர் தரும் பொருளை ஏற்கலாமா என்னும் வினா ஒருநாள் எழவே செய்யும். எழுமுன்னரே விடை தேடி வைப்பது நன்று.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது பழமொழி. மாட்டின் வயதைப் பார்க்க வேண்டா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அது எவர் தொழுவத்திலிருந்து வந்தது என்பதைப் பார்த்தே ஆகவேண்டும். களவாடிய மாடாயின், நம் பிள்ளைகள் பருகும் பால் வேறொரு வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியதன்றோ?

உலகப் புகழ்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் கதை நம் தமிழ் மண்ணோடு பிணைந்துள்ளது. எலிகு யேல் என்பார் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். கும்பினிப் பதவியைக் கொண்டு தம் சொந்தச் செல்வத்தைப் பெருக்கினார் என்னும் குற்றச்சாட்டுகளுக்கிடையே பதவியிழந்தார். ஐரோப்பாவுக்குப் புறப்படும் கப்பல் ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்றியனுப்ப வேண்டுமென 1687-இல் ஆணையிட்டது அவர் தலைமையிலிருந்த ஆட்சிக்குழுவே. மறு ஆண்டில் அவ்வாணிகத்தைத் தடை செய்ததும் அக்குழுவே. அவர் 1718-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியிலிருந்த சிறு கல்லூரிக்கு 9 பொதி சரக்கும், 417 நூல்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியமும் அனுப்பினார். சரக்கு விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கல்லூரி அவர் பெயரையே சூடிக்கொண்டது. கப்பலேற்றப்பட்டோரின் பெயரைச் சூடிக்கொண்ட கல்லூரி எதுவுமில்லை. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக யேல் பல்கலைக்கழகம் முறைப்படி மன்னிப்புக் கோரியது 2024-இல். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்!

அண்மைக்காலச் சான்றும் உண்டு. சிறுமியிடம் இழைத்த பாலியல் குற்றத்திற்காக 2008-இல் தண்டனை பெற்றவர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் என்னும் அமெரிக்கச் செல்வர். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2002 முதல் 2017 வரை 10 தவணைகளில் அவரிடம் 8,50,000 டாலர் பெற்றது. அவற்றுள் 9 தவணைகள் தண்டனைக்குப் பின் வந்தவை. அவற்றுள் சில, பெயர் குறிப்பிடாக் கொடையாகப் பதியப்பட்ட செய்தி வெளியானதும், அங்குள்ள ஊடக ஆய்வகத்தின் இயக்குநர் 2019-இல் பதவி விலகினார். தண்டனைக்கு முன்பு அவரிடம் நிதி பெற்றிருந்த ஹார்வர்டு பல்கலைக்கழகமோ, செலவாகாது எஞ்சிய தொகையை ஆட்கடத்தலுக்கு ஆளானோருக்குத் துணைநிற்கும் அமைப்புகளுக்கு அளிக்க முன்வந்தது. கொடுத்தவர் பெயரை மறைக்க வேண்டியிருந்தபோதே, அது பெறத்தகாத பொருள் என்பதைப் பெற்றவர் நெஞ்சம் அறிந்திருந்தது.

இனி, நம் நிலைக்கு வருவோம். பெரும் பல்கலைக்கழகம் மறுத்தால் ஒரு கட்டடம் குறையும். நாம் மறுத்தால் விடுதிப் பிள்ளையின் தட்டில் சோறு குறையும். மேடையில் வீரம் பேசுவோர் அந்த விலையைக் கொடுப்பதில்லை. அன்றியும், தீட்டு என்னும் பொய்ச்சொல்லால் தலைமுறை தலைமுறையாகத் துன்புற்ற நாம், காசுக்குத் தீட்டுக் கற்பிப்பது பொருந்தாது. பணம் தூயதா என்பதன்று நம் வினா; அது எவருக்கு உரியது, எதை விலைக்குக் கேட்கிறது என்பனவே நம் வினாக்கள்.

நாற்று நட்ட கைகளுக்குக் கூலியைக் குறைத்துச் சேர்த்த செல்வத்தில் ஒரு பங்கை ஒருவர் நமக்குக் கொணர்வாராயின், அது கொடையன்று, பாக்கி. பாக்கியை முதலில் அந்தக் கூலிக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு வருக என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

நிபந்தனையோடு வரும் உதவி எல்லாம் இழிவும் அன்று. அண்ணல் அம்பேத்கர் 1913-இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையால் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். படிப்புக்குப் பின் சமஸ்தானப் பணியாற்ற வேண்டுமென்னும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது. அஃது அவர் நாவைக் கட்டவில்லை. நாவைக் கட்டும் உதவியே அஞ்சத்தக்கது.

நம் நெல்லைச் சீமையிலேயே ஒரு பாடம் உண்டு. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்திற்குக் காங்கிரசும் பொதுமக்களும் நிதி அளித்தனர். அங்குப் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்பது தெரிந்தபோது, பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் 1925-இல் கிளர்ச்சி செய்தனர். கொடுப்பவர் கணக்குக் கேட்கலாமெனில், பெறுபவரும் கேட்கலாம்.

ஆதலின், மூன்று நெறிகளை இச்சங்கத்தின் முன் வைக்கின்றேன். ஒன்று, பொதுக்குழுவில் உரக்கப் படிக்க இயலாத பெயர் வரவேட்டில் ஏறலாகாது. இரண்டு, பாதிக்கப்பட்டோர் இருப்பின் அவர்தம் பங்கு தீர்ந்த பின்னரே நமக்குரிய பேச்சு. மூன்று, பணத்தோடு பெயர்ப்பலகையோ, நம் மௌனமோ விலையாகக் கேட்கப்படின், பணிவோடு மறுத்தல் வேண்டும். மறுத்ததால் நேரும் குறையை ஈடுசெய்வது நம் அனைவர் கடன். பிடியரிசி சேர்த்துப் பொதுப்பணி செய்யும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. 1944 முதல் அரசு வழங்கிவரும் உயர்கல்வி உதவித்தொகையும் பிச்சையன்று, உரிமை. அதைக் காலத்தில் பெற்றுத் தருவதும் பெருங்கொடைக்கு நிகரான பணியே.

"நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கலாகாது" என்பர். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுச் செல்வதைக் கண்ணால் காணும் நமக்கு நதிமூலம் மறைபொருள் அன்று. இதே தென்காசியில் கோயில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், அதனைப் பின்னாளில் காப்போரின் அடிகளைப் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்தான். அக்கோயில் வாயில் நம் முன்னோர்க்கு நெடுங்காலம் அடைத்திருந்தது என்பதும் வரலாறு. எனினும், கொடுப்பவன் பணிய வேண்டும் என்னும் அவன் சொல் மெய். நம் பிள்ளைகள் எவர் முன்னும் குனிந்து கற்க வேண்டா. நிமிர்ந்து கற்கட்டும்.