வாடகை வீடும் வைத்தியந்தான்
(நமது மருத்துவமனை ஆதரவாளர்கள் கூடுகையில் அளித்த செய்தி)



உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் இந்த மருத்துவ ஊழியம் தாங்கப்பட்டு வருகிறது. இன்று நாங்கள் காணிக்கை கேட்டு வரவில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் உங்களில் பலருக்குச் சொந்த வீடு உண்டு. வாடகைக்கு விட மாடியிலோ பின்கட்டிலோ ஒரு போர்ஷனும் உண்டு. அதைக் குறித்தே பேச வந்திருக்கிறோம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் கடல் கடந்து நம் மாநிலத்தில் அடைக்கலம் தேடினார்கள். 2022ல் அங்கே பொருளாதார நெருக்கடி முற்றியபோது மறுபடியும் படகுகள் தனுஷ்கோடிக் கரைக்கு வந்தன. 2021ல் தமிழக அரசு தந்த கணக்கின்படி முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். காவல் நிலையத்தில் பதிவு செய்து வெளியே வசித்தவர்கள் 34,087 பேர். வெளிப்பதிவில் உள்ளவர்களுக்கு முகாம் வீடு கிடையாது. வாடகை வீடு ஒன்றே அவர்களுக்குக் கூரை.

இதில் மருத்துவமனைக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிறவர் அதை எப்படி முடிப்பார்? பிறந்த குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி போட வேண்டும். முகவரி இல்லாத தாயை எங்கள் நர்ஸ் எங்கே போய்த் தேடுவார்? நாங்கள் சுகமாக்கி அனுப்புகிறவர்கள் படுக்க இடமின்றி அதே வியாதியோடு திரும்பி வருகிறார்கள். ஆகையால் ஒரு வாடகை அறையும் வைத்தியத்தில் ஒரு பங்கு என்கிறோம்.

'டூ லெட்' பலகையைப் பார்த்து நம்பிக்கையோடு படியேறுகிறார்கள். பேச்சைக் கேட்டதும், "சிலோன்காரங்களா? வீடு முடிஞ்சு போச்சே" என்று பதில் வருகிறது. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த வழக்கின் தீர்ப்பு 1998ல் நம் பூந்தமல்லி தனி நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. அந்தத் துக்கம் மெய்யானது. ஆனால் சிலர் செய்த குற்றத்தை ஒரு ஜனத்தார் எல்லார்மேலும் சுமத்தலாமா? அன்று பிறந்திராத பிள்ளைகள் இன்று கைக்குழந்தையோடு வீடு தேடுகிறார்கள்.

சட்டத்தை மீறும்படி நாங்கள் சொல்லவில்லை. குடிவருகிறவரின் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காவல் நிலையத்தில் தகவல் கொடுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழக வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்யுங்கள். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025ல் விலக்கு அளித்திருக்கிறது. இதையும் அறிந்திருங்கள்.

வாடகையைக் குறைக்கும்படியும் கேட்கவில்லை. நியாயமான வாடகையை வாங்குங்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற இடத்தில் மூன்று மாதம் போதும் என்று சொல்லுங்கள். வீடில்லாதவர்கள் அந்த அட்வான்ஸைத் திரட்டச் சபையாக முன்வந்து உதவலாமே!

அப்போஸ்தலனாகிய பவுல் ரோமாபுரியில் இரண்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்தார் என்று நாம் வாசிக்கிறோம். அவர் காவலில் இருந்தவர், வழக்கு முடியாதவர், ஒரு சேவகன் கூடவே நின்றான். அப்படிப்பட்ட அந்நியருக்கும் அந்தப் பட்டணத்தில் யாரோ ஒருவர் வீடு கொடுத்தார். அவர் பெயர் வேதத்தில் இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் சுவிசேஷம் தடையின்றிப் பிரசங்கிக்கப்பட்டது.

அன்பானவர்களே, அடுத்த முறை உங்கள் போர்ஷன் காலியாகும்போது ஜெபத்தோடு யோசியுங்கள். கதவைத் தட்டுகிறவரின் பேச்சை மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். உள்ளே அழைத்து உட்கார வைத்து, காகிதங்களைப் பார்த்து, அதன்பின் முடிவு செய்யுங்கள். வார்டில் நாங்கள் தொடங்குகிற வைத்தியத்தை உங்கள் வீட்டில் நீங்கள் முடிக்கலாம்.

கர்த்தர் தாமே உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.