வாயில் காப்போன் வேந்தன் அல்லன்

(புளியங்குடியில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



புளியங்குடி எலுமிச்சை மூடை மூடையாய்ப் புளியரையைக் கடந்து கேரளம் செல்கின்றது. அதனை ஏற்றிச் செல்லும் சரக்குந்தின் ஓட்டுநரிடம் எவரும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. ஆயின், இவ்வூரும் கடையநல்லூரும் தென்காசியும் பெற்றெடுத்த பிள்ளைகளுள் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கின்றனர். அவர்கள் ஒவ்வொரு முறையும் கடந்தாக வேண்டிய வாயில் ஒன்று உண்டு. வானூர்தி நிலையத்தில் குடிநுழைவு அலுவலர் அமர்ந்திருக்கும் வாயில் அது. அங்கே நிற்குங்கால், கையில் எல்லாத் தாள்களும் முறையாக இருப்பினும், நெஞ்சு துடிக்கின்றது. அவர் கேட்பன எல்லாம் கேட்கத் தக்கனவா? அவர் வாய்ச்சொல்லே சட்டமா? இவற்றைத் தெரிந்து கொள்ளாதவரை அத் துடிப்பு அடங்காது.

2019 சனவரியில் மும்பை வானூர்தி நிலையத்தில் நடந்ததாக வெளிவந்த செய்தியை எண்ணிப் பாருங்கள். வெளிநாடு செல்லவிருந்த தமிழ் ஆராய்ச்சி மாணவர் ஒருவர், தமக்குத் தமிழும் ஆங்கிலமுமே தெரியும், இந்தி தெரியாது என்றார். அதற்காகவே குடிநுழைவு அலுவலர் தம்மை விட மறுத்துத் தமிழ்நாட்டுக்கே போகச் சொன்னார் என்று அவர் ஊரறிய முறையிட்டார். அவ்வலுவலர் அவ்விடத்துப் பணியினின்று விலக்கப்பட்டார். அடுத்த ஆண்டே, 2020 ஆகத்தில், நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி, சென்னை வானூர்தி நிலையத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசும்படி கேட்டபோது, பாதுகாப்புப் படையினர் ஒருவர் தம்மை நோக்கி நீங்கள் இந்தியரா என்று வினவியதாக வெளிப்படுத்தினார். நாடாளுமன்ற உறுப்பினர்க்கே இந்நிலை எனின், எலுமிச்சைத் தோப்பில் உழைத்துச் சேர்த்த காசில் சீட்டு வாங்கிய ஏழை மகனுக்கு என்ன நேரும்?

குடிநுழைவு அலுவலர்க்குச் சட்டம் கொடுத்துள்ள அதிகாரம் சிறிதன்று. அதனை மறைத்தல் ஆகாது. 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் முதலிய பழஞ்சட்டங்களை நீக்கி, 2025ஆம் ஆண்டின் குடிநுழைவு, அயல்நாட்டார் சட்டம் அவ்வாண்டு செபுத்தம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அவர் கடவுச்சீட்டையும் நுழைவிசைவையும் ஆய்ந்து பார்க்கலாம். வேண்டும் விளக்கம் கேட்கலாம். பொய்த் தாள் காட்டியவர்க்கு 2 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும், 10 இலக்கம் உருபா வரை தண்டத்தொகையும் உண்டு. எனவே உண்மையைச் சொல்லுதலும், உண்மைத் தாளைக் காட்டுதலும் பயணம் செய்வார் கடமை.

ஆயின், அவ்வதிகாரத்திற்கு எல்லை உண்டு. வெளிநாடு செல்லும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் தன்னுரிமையில் அடங்கும் என்று உச்சநயன்மன்றம் 1967இலேயே தீர்ப்பளித்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில், அவ்வுரிமையைப் பறிக்கும் முறை நேரியதாக இருத்தல் வேண்டும், பறிக்கப்படுவார் சொல்வதற்குச் செவி கொடுத்தல் வேண்டும் என்றும் உறுதிப்படுத்தியது. இந்தி தெரிந்தவரே வெளிச்செல்லலாம் என்று எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எழுதப்பட்டுள்ளது? எங்கும் இல்லை! கடவுச்சீட்டைக் கேட்க அவர்க்கு உரிமை உண்டு. தாய்மொழியைக் குற்றமாக்க உரிமை இல்லை.

வாயிலைவிட்டுத் தெருவுக்கு வருவோம். குடிமகன் ஒருவன் எந்நேரமும் அடையாளத் தாளைச் சுமந்து திரிய வேண்டும் என்று இந்நாட்டில் சட்டம் இல்லை. அயல்நாட்டார் என ஐயுற்றுத் தளையிடும் அதிகாரம் தலைமைக் காவலர் நிலைக்குக் குறையாத காவலர்க்கு உண்டு. ஆயினும் அவ்வையத்திற்கு அடிப்படை வேண்டும். தாம் அயல்நாட்டார் அல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமை ஐயுறப்பட்டவர் மேலதே எனினும், அரசு தன் கையில் உள்ள சான்றைக் காட்டாமல், எவரையோ கண்டவாறு பிடித்து அச்சுமையை ஏற்றல் ஆகாது என்று 2024 சூலை 11ஆம் நாள் அசாம் மாநிலத்தவர் ஒருவர் வழக்கில் உச்சநயன்மன்றம் தெளிவுபடுத்தியது. பெயர் எழுத்தில் இருந்த சிறு வேறுபாடுகளைக் காட்டி அயலார் எனப்பட்ட அவரை அது இந்தியக் குடிமகன் என்றே அறிவித்தது.

எல்லை மீறப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு 2025ஆம் ஆண்டே சான்று. வங்காள மொழி பேசியோர் பலர் வங்காளதேயத்தார் என ஐயுறப்பட்டு வடநாட்டு நகரங்களில் பிடிக்கப்பட்டனர். தில்லியில் பிடிபட்ட கருவுற்ற பெண் ஒருவர், சூன் திங்களில், குடும்பத்தோடு எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார். உரிய ஆய்வு நடத்தாமல் விரைந்து செய்த அச்செயலைக் கல்கத்தா உயர்நயன்மன்றம் செபுத்தம்பரில் தள்ளுபடி செய்தது. திசம்பரிலேயே அப்பெண் தம் மகனோடு மண் திரும்பினார். வயிற்றில் கருவோடு ஒரு தாய் அயல்மண்ணில் கழித்த அத்திங்கள்களை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

இது பிற இனத்தார் துயர் என்று தமிழர் வாளா இருத்தல் தகுமோ? 1948இல் இலங்கை அரசு இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோர் ஆக்கியது. அத்தோட்டங்களைத் தம் குருதியால் வளர்த்தவர்களே கள்ளத்தோணி என இழித்துரைக்கப்பட்டனர். நாவின் மொழியைக் கொண்டு நாட்டை முடிவு செய்யும் கொடுமையைத் தமிழினத்தைவிட நன்கறிந்த இனம் எது? இன்று இங்கு வந்து உழைக்கும் வடநாட்டுத் தொழிலாளியையும் அவ்வாறு இழித்தல் தமிழர்க்கு இழுக்கே ஆகும்.

ஈழத்து ஏதிலியர்க்கும் இது பொருந்தும். அரசமைப்பின் 21ஆம் பிரிவு குடிமக்களை மட்டுமன்றி எல்லா மாந்தரையும் காக்கும் என்று 1996இல் சக்மா மக்கள் வழக்கில் உச்சநயன்மன்றம் உரைத்தது. 2015 சனவரி 9 வரை இங்குத் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இல்லாமைக்கான தண்டத்தினின்று 2025 செபுத்தம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. அவர்களை அச்சுறுத்துவார் உளராயின் இதனை எடுத்துக் காட்டுக.

தளையிடப்படின் செய்ய வேண்டுவன சில. தளையிட்ட கரணியத்தைக் கேட்க உரிமை உண்டு. வழக்குரைஞரை அமர்த்திக்கொள்ள உரிமை உண்டு. உறவினர்க்குச் செய்தி சொல்லப்பட வேண்டும். வழிப்பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர்முன் நிறுத்தப்பட வேண்டும். பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தைக் காவலர் அணிந்திருக்க வேண்டும் என்பது 1996இன் பாசு வழக்குத் தீர்ப்பு.

இவை எல்லாவற்றினும் தமிழர் நெஞ்சில் பொறிக்கத் தக்கது ஒன்றுண்டு. மராட்டிய மாநிலத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஒருவர், ஆங்கிலத்தில் தரப்பட்ட கரணியங்கள் விளங்கவில்லை, இந்தியில் தருக என்று கேட்டார், மறுத்தனர். விளங்காத மொழியில் தருதல் தந்ததாகாது என்று உச்சநயன்மன்றம் 1962இல் அவரை விடுவித்தது. 2025 நவம்பரில் அதே மன்றம், தளையிடப்பட்டவர்க்கு விளங்கும் மொழியிலேயே கரணியங்களை எழுதித் தரவேண்டும் என்று எல்லாக் குற்றங்களுக்கும் பொதுவாக விரித்துரைத்தது. இந்தி பேசுவாரை இந்தியால் காத்த சட்டம், தமிழரைத் தமிழால் காக்கக் கடமைப்பட்டது அன்றோ!

குறை நேர்ந்தால் அலுவலரோடு கைகலக்க வேண்டா. நாள், நேரம், இடம், அலுவலரின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். முறையீட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். இந்திய ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எந்த அலுவலர்க்கும் முறையிடலாம் என்பது அரசமைப்பின் 350ஆம் பிரிவு. புளியங்குடி அஞ்சல் நிலையத்தில் இடும் தமிழ் மடல் தில்லி அமைச்சகத்தின் மேசைக்குச் செல்லும் உரிமை உடையது.

வாயில் காப்போன் வேண்டும். நாட்டுக்குக் காவல் வேண்டும். ஆயின் அவன் சட்டத்தின் ஏவலன், வேந்தன் அல்லன். தலை நிமிர்ந்து, தாளைக் காட்டித் தமிழில் விடை சொல்லுங்கள்.

வெல்க தமிழ்!