கடலழிஞ்சிலும் கல்விச்சாலையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விஞ்ஞானப் பட்டம் பெற்றபின் மேலே எதைக் கற்பது என்னும் வினா இன்று நம் வீடுகளில் எழுந்திருக்கின்றது. ஒரு காலத்தில் உயர்தர வகுப்பைத் தாண்டுவதே நம் கிராமங்களிற் பெரும் பேறாகக் கருதப்பட்டது. இன்று பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுகின்றனர்; பட்டத்தோடு திரும்புகின்றனர்; திரும்பியதும் உத்தியோக விண்ணப்பம் ஒன்றையே எழுதத் தெரிந்தவராய் நிற்கின்றனர். அவர்கள் முன் ஒரு துறையை அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம். இரசாயன உயிரியலும் மருந்து வடிவமைப்பும் என்பது அதன் பெயர். பெயர் நீண்டது, பொருள் எளியது. உடலினுள் நிகழும் செயல்களை இரசாயனக் கண்கொண்டு ஆராய்வது முதற் பகுதி. அச்செயல்களிற் பிழைபட்டதைத் திருத்தவல்ல மூலக்கூற்றைக் கண்டறிந்து ஆக்குவது இரண்டாம் பகுதி.

இதனை விளக்க நம் நாட்டுக் கொடி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சிங்கள மக்கள் அதனைக் கொத்தல ஹிம்புட்டு என்பர். சித்த மருத்துவர் கடலழிஞ்சில் என்பர். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் அது வளர்கின்றது. அதன் வேரும் தண்டும் நீரிழிவுக்கு, அதாவது நாம் சீனி வருத்தம் என்று சொல்லும் நோய்க்கு, நெடுங்காலமாக மருந்தாயிருந்து வருகின்றன. அதன் மரத்தைக் குடைந்து குவளை செய்து, இரவிலே நீர் வார்த்து வைத்து, மறுநாள் அந்நீரைப் பருகும் வழக்கமும் இந்நாட்டில் உண்டு.

இக்கொடியிலே நோயைத் தணிப்பது எது? இவ்வினாவை எடுத்து ஆராய்ந்தவர்கள் யப்பானிலே, கியோத்தோ மருந்தியற் பல்கலைக்கழகத்திலே இருந்தனர். மசாயுகி யோஷிக்காவா என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் அக்கொடியின் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்தனர். ஒவ்வொரு பகுதியையும் சோதித்து, வலியுள்ளதை மேலும் பிரித்தனர். இறுதியிலே ஒரு தனிப் பொருள் கையில் நின்றது. அதற்குச் சலாசினோல் எனப் பெயரிட்டு 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலே கொத்தலனோல் என்னும் இரண்டாம் பொருளும் வெளிவந்தது. அப்பெயரிலே நம் நாட்டுச் சொல்லே ஒலிக்கின்றது, கண்டவர்தாம் நம்மவரல்லர்.

அப்பொருள் செய்யும் வேலையையும் சற்றுப் பார்ப்போம். நாம் உண்ணும் சோறும் சீனியும் அப்படியே இரத்தத்திற் சேர்வதில்லை. சிறுகுடலின் சுவரிலே நொதியங்கள் என்னும் புரதங்கள் உள்ளன. அவை மாப்பொருளின் துண்டுகளையும் சீனியையும் வெட்டிக் குளுக்கோசு ஆக்கிய பின்னரே அது இரத்தத்துக்குட் செல்லும். சலாசினோல் உருவத்திலே சீனியைப் போன்றது. நொதியம் அதனைச் சீனியென்று பற்றிக்கொள்ளும். ஆனால் வெட்ட முடியாது. பூட்டினுள் நுழைந்து திரும்ப மறுக்கும் திறப்பு என்று அதனைச் சொல்லலாம். வெட்டும் வேலை தாமதப்பட, உணவின் பின் இரத்தத்திலே குளுக்கோசு திடீரென உயர்வதும் தணிகின்றது. அதன் உள்ளமைப்பு அதனினும் வியப்பானது. நேர் மின்னேற்றம் பெற்ற கந்தக அணுவொன்றும், எதிர் மின்னேற்றம் பெற்ற சல்பேற்றுத் தொகுதியொன்றும் ஒரே மூலக்கூற்றில் அமைந்துள்ளன.

இதன்பின் தொடங்குவதே மருந்து வடிவமைப்பு. இலங்கையிற் பிறந்து கனடாவிலே பேராசிரியராயிருந்த மாரியோ பின்ரோ என்பாரும் அவர் மாணவரும் சலாசினோலைக் கொடியின் உதவியின்றி ஆய்வுகூடத்திலேயே ஆக்கினர். பின்பு கந்தகம் இருந்த இடத்திலே செலேனியத்தை வைத்துப் பார்த்தனர். சங்கிலியை நீட்டியும் குறுக்கியும் பார்த்தனர். ஒவ்வொரு மாற்றமும் நொதியத்தை எவ்வாறு தாக்குகின்றது என அளந்தனர். அந்த மாணவர் செய்ததே நாம் கூறும் பட்டப்பின் படிப்பாகும்.

கொடி நம்முடையது, குவளை நம்முடையது, அனுபவம் நம் முன்னோருடையது. இருந்தும் ஆராய்ச்சி ஏன் வேறிடத்தில் நடந்தது? அதற்கு யப்பானியரைக் குறை கூறுதல் தகாது. அவர்களிடம் கருவிகள் இருந்தன; அவற்றினும் மேலாகப் பயிற்சி பெற்ற மாணவர் இருந்தனர். இக்கொடியின் பொருள்கள் பற்றிய காப்புரிமைகளும் பிறநாட்டிற் பதிவாயின. “எங்கள் பாட்டனுக்கு இது முன்பே தெரியும்” என்ற பேச்சு காப்புரிமைக் காரியாலயத்திலே செல்லாது. எழுதி வைத்த சோதனையும் அளந்து காட்டிய எண்ணுமே அங்கே செல்லும்.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்றும் கூற வேண்டும். மூலிகையிலே உண்மை உண்டு என்று கேட்டவுடன், ஆஸ்பத்திரியிலே கொடுத்த குளிசையை எறிந்துவிட்டுக் குவளை நீரை மட்டும் நம்புவோர் நம்மிடையே உளர். இது உயிரோடு விளையாடும் விளையாட்டு. இக்கொடி சேர்ந்த தேநீரை 51 நோயாளருக்குக் கொடுத்து இலங்கையர் செய்த சோதனையொன்று 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. பயன் தெரிந்தது உண்மையே. ஆயினும் அச்சிறு சோதனை, இன்சுலின் வேண்டியவருக்கு இன்சுலின் வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை. மனிதரிற் சோதிக்கத் தொடங்கும் புது மருந்துகள் பத்திலே ஏறக்குறைய ஒன்றே இறுதியில் அங்கீகாரம் பெறுகின்றது. எது எவ்வளவிற் பயன்படும், எவ்வளவிற் கேடு செய்யும் என்று அறிந்து சொல்ல வல்ல ஒருவர் ஊருக்குள் இருந்தால், குளிசையை எறியும் கையைப் பிடித்து நிறுத்தலாம். இக்கல்வியை நாம் வற்புறுத்துவதற்கு முதற் காரணம் இதுவே.

“நம்மிடம் பெரிய கருவிகள் இல்லையே” என்று தம்பிமார் கேட்கலாம். பிலிப்பைன்ஸ் நாட்டவரான பல்டொமெரோ ஒலிவேரா அமெரிக்காவிற் கற்றுத் தாய்நாடு திரும்பியபோது அவரிடமும் கருவிகள் குறைவு. ஆகவே அவர் தம் கடலிலே கிடைத்த கூம்பு வடிவான நஞ்சுள்ள நத்தையை எடுத்து ஆராய்ந்தார். பின்பு யூட்டா பல்கலைக்கழகத்திலே அவ்வாராய்ச்சி தொடர்ந்தது. அங்கே பதினெட்டு வயது மாணவராய்ச் சேர்ந்த மைக்கேல் மக்கின்ரொஷ் அந்நஞ்சிலிருந்து ஒரு சிறு புரதத் துண்டைப் பிரித்தெடுத்தார். கொடிய வலியைத் தணிக்கும் மருந்தாக அது 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அந்நத்தையின் இனத்தவை நம் இந்து சமுத்திரத்திலும் வாழ்கின்றன. கடலும் களப்பும் கண்ணெதிரே கிடக்கும் ஊரவருக்கு இதனை மேலும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி வழியைக் கூறுவோம். உயர்தர வகுப்பிலே இரசாயனத்தை விருப்போடு கற்க வேண்டும். உயிரியல் கற்போர் கணிதத்தையும் பௌதிகத்தையும் கைவிடலாகாது. பல்கலைக்கழகத்திலே இரசாயனத்திலோ உயிரிரசாயனத்திலோ சிறப்புப் பட்டம் பெறுதல் நன்று. அதன்பின் பேராதனையிலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் போன்ற இடங்கள் இந்நாட்டிலேயே உள்ளன. அமெரிக்காவிலே விஞ்ஞானக் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்வோரிற் பெரும்பாலோர் கட்டணம் செலுத்துவதில்லை; கற்பித்தலிலும் ஆராய்ச்சியிலும் உதவி செய்து படியும் பெறுகின்றனர். காணியை விற்றே கற்க வேண்டும் என்று பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதையே சொல்லுகின்றோம்.

காலம் கடந்துவிட்டது என்று எண்ணுவோர் சிதம்பரத்தில் 1952ஆம் ஆண்டிற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனை நினைக்க. அவர் 1976இல் பௌதிகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றார். பெற்ற பின்னும் உயிரியல் கற்க மீண்டும் மாணவராய்ச் சேர்ந்தார். கலங்களிலே புரதத்தை ஆக்கும் இரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக 2009ஆம் ஆண்டின் இரசாயன நொபெல் பரிசை மற்றிருவரோடு பகிர்ந்துகொண்டார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பல அவ்விடத்தையே தாக்குகின்றன என்பதால், அந்த அமைப்பு மருந்து வடிவமைப்போருக்கு ஒரு வரைபடமாயிற்று.

நம் ஊருக்குத் தெற்கே, கோணேசபுரியிலே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கின்றது. அங்கே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. ஏட்டை அறிந்தவர் அங்கே உளர். மூலக்கூற்றை அறிந்தவரும் அவரருகே அமர்வாராயின், கியோத்தோவில் நடந்தது கோணேசபுரியிலும் நடக்கும். ஏட்டை அறிந்தவர் “இதைப் பார்” என்று காட்ட வேண்டும். இரசாயனம் கற்றவர் “பார்த்தேன், இதுதான்” என்றோ, “பார்த்தேன், இதில் ஒன்றுமில்லை” என்றோ அஞ்சாது சொல்ல வேண்டும். இரண்டாவது விடையையும் மனங்கோணாது ஏற்பவரே மெய்யான மூலிகைப் பற்றுடையவர்.

இம்மன்றம் செய்யக்கூடியவை இரண்டு உள. உயர்தர வகுப்பு மாணவருக்கு மாலை நேர இரசாயன வகுப்பொன்றை நடத்தலாம். பட்டம் பெற்றவருக்குப் புலமைப்பரிசில் விண்ணப்பத்தையும் ஆங்கிலக் கடிதத்தையும் எழுத உதவலாம். அடுத்த ஆண்டு மலரிலே, நம் கிராமத்துப் பிள்ளை ஒருவர் தம் ஆராய்ச்சியைப் பற்றித் தாமே எழுதிய கட்டுரையைப் படிக்க ஆவலாயிருக்கின்றோம். அதற்கான உழைப்பு இன்றே தொடங்குக.